டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ்... ஆனாலும் சிறுநீர்ப் பாதையில் எரிச்சல் போகலையா? இதுதான் காரணமா இருக்கலாம்!

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கழித்து முடித்த பிறகும் ஒரு கடுகடுப்பு. யூரின் கல்ச்சர் எடுத்தாச்சு, பால்வினைத் தொற்றுக்கான டெஸ்ட்டும் பார்த்தாச்சு. எல்லாமே நெகட்டிவ். ஆனால், எரிச்சல் மட்டும் போகவில்லை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் தானாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுபவர்களும் உண்டு. கிருமியே இல்லாதபோது அந்த மாத்திரையால் பக்கவிளைவுதான் மிச்சம்.

டெஸ்ட்டில் சிக்காதவை

சாதாரண கல்ச்சரில் எல்லாக் கிருமியும் வளராது. கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் போன்றவற்றுக்கு பிசிஆர் மாதிரியான பரிசோதனை தேவை. அதைச் செய்தார்களா என்று ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேளுங்கள். 'பஸ் செல்ஸ்' எனப்படும் சீழ் அணுக்கள் அதிகமாக இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால், காசநோய் இருக்கிறதா என்பதையும் நம் நாட்டில் பார்த்தாக வேண்டும். சிறுநீர்ப்பை அருகே சிக்கிய கல்லும் இதே எரிச்சலைக் கொடுக்கும்.

தசை இறுகினாலும் எரியும்

இதெல்லாம் இல்லை என்று உறுதியானால், அடுத்து கவனிக்க வேண்டியது இடுப்புத் தளத் தசை. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை இது. தொற்று இருந்தபோது வலிக்குப் பயந்து இறுகிய தசை, தொற்று போன பிறகும் தளராமல் இருக்கலாம். நரம்புகளும் 'அலர்ட்' நிலையிலேயே இருக்கும். ரொம்ப நேரம் உட்கார்ந்தாலோ, பைக் ஓட்டினாலோ, டென்ஷன் ஆனாலோ எரிச்சல் கூடுகிறதா? அப்படியென்றால் சந்தேகம் இந்தப் பக்கம்தான். ஆண்களுக்கு இதை 'நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி' என்று சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் கிருமி இருப்பதில்லை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும் எரிச்சல் வரும். அதற்குத் தனி கிரீம் உண்டு, டாக்டரிடம் கேட்கலாம்.

என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் உட்காருவது இறுக்கத்தைக் குறைக்கும். வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சு இழுத்து விடலாம். யூடியூப் பார்த்து 'கீகல்' பயிற்சியை ஆரம்பித்துவிடாதீர்கள். ஏற்கெனவே இறுகிய தசையை அது இன்னும் இறுக்கிவிடும். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள்.

எரியுதேன்னு தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும். காபி, டீ, காரம், குளிர்பானம் ஆகியவற்றை 2 வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வாசனை சோப்பை அந்த இடத்தில் போட வேண்டாம். சீழ் வருகிறதா என்று அடிக்கடி அழுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதுவே புண்ணாக்கிவிடும்.

சில நேரம் டாக்டர், அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதுவார். 'இது மனநோய் மாத்திரையாச்சே' என்று பயப்பட வேண்டாம், நரம்பு வலிக்கும் இதைக் கொடுப்பதுண்டு.

சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சல், விரை வலி, சிறுநீர் அடைப்பு... இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.