மனைக்கு அடியில் இருப்பது

நெமிலிச்சேரியில் மனை வாங்குபவர் பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் பார்க்கிறார். அந்த மண்ணில் தொல்லெச்சம் உண்டா என்று பார்க்கச் சொல்வார் யாருமில்லை. இத்தனைக்கும் இது திருவள்ளூர் மாவட்டம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்திலும், பிறகு இம்மாவட்டத்தின் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். இருபுறமும் செதுக்கி விளிம்பைக் கூராக்கிய குவார்ட்சைட் கைக்கோடரிகள் அவை. அத்திரம்பாக்கத்தில் மனிதர் வாழ்ந்த காலம் 15 லட்சம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகிறது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் காட்டினர். இதே மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகளோடு உறைகிணறும் வெளிப்பட்டது.

நம் சட்டம் காப்பது அறிவிக்கப்பட்ட சின்னங்களை மட்டுமே. 2010-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டப்படி அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டத் தடை; அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். வட்டத்துக்கு வெளியே பொக்லைன் எதை வாரிப்போட்டாலும் பெரும்பாலும் கேள்வியில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய ஒற்றை மனைக்காரரை இன்னும் அலைக்கழிக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பல்லாவரத்தில் பெருங்கற்காலப் புதைவிடத்தைச் சுற்றி வாழ்வோர் இந்தக் கட்டுமானத் தடையால் பட்ட பாடு தெரிந்ததே. ஆனால் சுமையை அவர் தலையில் வைக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தொல்குடிப் பாரம்பரியச் சட்டம் 2006-இல் வந்தது. அங்கே ஓரிரு வீடு கட்டுவோருக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆற்றோரம் போன்ற இடங்களில் நிலத்தைப் பல மனைகளாகப் பிரிப்பவர் போன்றோர்தான் முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும். இங்கும் லேஅவுட் அனுமதியின்போதே, முதல் சாலை வெட்டும் முன், அந்த ஆய்வை மனைப்பிரிவு போடுபவர் செலவில் கட்டாயமாக்கலாம்.