யோஸ்ட் பந்தய அணி

யோஸ்ட் ரேசிங், ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலத்தில் ஓடன்வால்ட் மலைப்பகுதியிலுள்ள வால்ட்-மிக்கெல்பாக் என்னும் சிற்றூரிலிருந்து இயங்கிய கார்ப் பந்தய அணி. ஓட்டுநர் ரைன்ஹோல்ட் யோஸ்ட் 1978 இல் இதைத் தொடங்கினார். பிரான்சின் லே மான் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் மிக அதிக முறை வென்ற அணி இதுதான். முதலில் போர்ஷே, பிறகு ஆடி ஆகிய நிறுவனங்களின் கார்களைக் கொண்டே இவ்வெற்றிகளைப் பெற்றது. போர்ஷே காரை விலைக்கு வாங்கி, போர்ஷேயின் சொந்த அணியையே அந்தக் காரால் தோற்கடித்ததுதான் இதன் வரலாற்றில் தலையாய சாதனை என்று சொல்ல வேண்டும்.

ரைன்ஹோல்ட் யோஸ்ட் 1937 இல் பிறந்தவர். 1972 லே மான் பந்தயத்தில், ஏற்கெனவே பழையதாகிவிட்டிருந்த போர்ஷே 908 ஒன்றை மாரியோ கஸோனி, மிக்கேல் வேபர் ஆகியோருடன் மாறி மாறி ஓட்டி மூன்றாம் இடம் பெற்றார். 1980 தொடக்கத்தில் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தை ரோல்ஃப் ஸ்டோமெலன், ஃபோல்கர்ட் மெர்ல் இருவருடன் சேர்ந்து வென்றார். அதே ஆண்டு லே மானில் அவரும் பெல்ஜிய வீரர் ஜாக்கி இக்ஸும் ஓட்டிய கார் 908/80 என்று பதிவாகியிருந்தாலும், உண்மையில் அது போர்ஷேயின் 936 வகை வண்டி. தொழிற்சாலையிலிருந்து பெற்ற பாகங்களை வைத்து யோஸ்டின் ஆட்கள் கட்டியது. கியர்பாக்ஸ் பழுதில் நேரம் போய், ழான் ரொந்தோவின் காருக்கு இரண்டு சுற்றுகள் பின்னால் இரண்டாவதாக வந்தது. அதன்பின் யோஸ்ட் ஓட்டுவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு அணியை நடத்துவதில் இறங்கினார்.

1982 இல் 'குரூப் சி' என்ற புதிய விதிமுறை வந்தது. ஒரு பந்தயத்துக்கு இவ்வளவு பெட்ரோல்தான் என்று அது வரம்பு கட்டியது. வேகமாக ஓட்டினால் மட்டும் போதாது, கடைசி மணி நேரத்துக்கும் டாங்க்கில் பெட்ரோல் மிச்சம் இருக்க வேண்டும். யோஸ்ட் அணியின் காலம் இந்த விதியோடுதான் தொடங்கியது. போர்ஷே தன் 956 காரைத் தனியார் அணிகளுக்கும் விற்றது. யோஸ்ட் வாங்கியவற்றில் 117 என்ற எண்ணுள்ள சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) பந்தய வரலாற்றில் தனி இடம் பெற்றது.

1984 இல் எரிபொருள் விதியில் பன்னாட்டு அமைப்பு செய்த மாற்றத்தை எதிர்த்து போர்ஷேயின் தொழிற்சாலை அணி லே மானைப் புறக்கணித்தது. இத்தாலியின் லான்சியா கார்கள் வேகத்தில் மிஞ்சின, ஆனால் 24 மணி நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. கிளாவுஸ் லுட்விக், ஆன்ரி பெஸ்கரோலோ அந்த 117 சேஸிஸில் ஓட்டிய யோஸ்டின் 7 ஆம் எண் கார் வென்றது. சொந்த அணி வராததால் கிடைத்த வெற்றி என்று அதை ஒதுக்கிவிட இடமிருந்தது. மறு ஆண்டு அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

1985 இல் போர்ஷே தன் புதிய 962சி கார்களுடன் திரும்பியது. பெட்ரோல் வரம்பும் முந்தைய ஆண்டைவிட 15 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தது. யோஸ்ட் கொண்டுவந்தது அதே பழைய 117. லுட்விக்குடன் இத்தாலியர் பவோலோ பரில்லாவும் 'ஜான் வின்டர்' என்பவரும் ஓட்டினார்கள். ஜான் வின்டர் என்பது புனைபெயர். லூயி க்ராகெஸ் என்ற பிரேமன் நகர மர வணிகர், தாம் பந்தயம் ஓட்டுவது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வைத்துக்கொண்டது. லே மானில் வென்றதோடு அந்த ரகசியம் வெளிப்பட்டது. அந்தப் பந்தயத்தின் தொடக்க மணிகளில் யோஸ்டின் காரும் பிரிட்டனின் ரிச்சர்ட் லாயிட் அணியின் 956 காரும் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிச் சென்றன. முன்னால் போகும் வண்டி காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருவது குறைந்த பெட்ரோலில் அதே வேகத்தில் ஓடும். சிறிது நேரத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். போட்டியாளர்களான இருவரும் இப்படி மிச்சம் பிடித்த பெட்ரோல், பிற்பாதியில் தொழிற்சாலைக் கார்களால் பிடிக்க முடியாத முன்னிலையாக மாறியது. யோஸ்ட் முதலிடம், லாயிட் இரண்டாமிடம். தொழிற்சாலை அணிக்கு மூன்றாம் இடமே மிஞ்சியது. எஞ்சின் கட்டுப்பாட்டைத் துல்லியமாகச் சீர்செய்வதில் யோஸ்டின் ஆட்கள் காட்டிய திறமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1986 இலும் அதே அணி முன்னணியில் ஓடியது. ஓட்டுநர் யோ கார்ட்னர் உயிரிழந்த விபத்துக்குப் பின், பாதுகாப்புக் காரின் பின்னால் நெடுநேரம் மெதுவாக ஊர்ந்ததை எஞ்சின் தாங்கவில்லை.

1991 இல் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தை 962சி காரில் மறுபடி வென்றது அணி. குரூப் சி முடிவுக்கு வந்ததும் ஓப்பல் நிறுவனத்துக்காக டூரிங் கார் பந்தயங்களில் இறங்கியது. 1996 இல் மனுவேல் ராய்டர் ஓப்பல் கலிப்ராவில் பன்னாட்டு டூரிங் கார் பட்டத்தை வென்றார்.

அதே ஆண்டில்தான் இரண்டாவது அதிசயமும் நிகழ்ந்தது. பிரிட்டனின் டாம் வாக்கின்ஷா நிறுவனம் ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-14 காரின் சேஸிஸை எடுத்து, கூரையை நீக்கி, போர்ஷேயின் டர்போ எஞ்சினைப் பொருத்தி டபிள்யூஎஸ்சி-95 என்ற காரை உருவாக்கியிருந்தது. 1995 டேட்டோனாவுக்காகச் செய்தது. பந்தயத்துக்குச் சற்று முன் அமெரிக்க விதிகள் மாறவே போர்ஷே அதை ஓட்டாமலே மூலையில் போட்டுவிட்டது. யோஸ்ட் அதைக் கேட்டு வாங்கித் தேற்றி 1996 லே மானுக்குக் கொண்டுவந்தார். எதிரே போர்ஷேயின் புத்தம் புதிய 911 ஜிடி1 கார்கள். டேவி ஜோன்ஸ், ராய்டர், 22 வயது அலெக்ஸாண்டர் வுர்ட்ஸ் மூவரும் அவற்றை ஒரு சுற்று வித்தியாசத்தில் முந்தினார்கள். 1997 இல் அதே சேஸிஸ் மீண்டும் வந்தது. போர்ஷேயின் இரண்டு கார்களும் முன்னிலையில் இருந்தபோதே விழுந்தன: ஒன்று தடம் விலகியது, இன்னொன்று இறுதி மணிகளில் தீப்பிடித்தது. மிக்கேலே அல்போரேட்டோ, ஸ்டெஃபான் யோஹான்சன் ஆகியோருடன் வென்ற மூன்றாமவர், பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அழைக்கப்பட்ட டென்மார்க்கின் டாம் கிறிஸ்டென்சன். பின்னாளில் லே மானை ஒன்பது முறை வென்றவரின் முதல் வெற்றி அது. நான்கு வெற்றிகள், இரண்டே சேஸிஸ்கள், நான்கிலும் எண் 7.

1999 முதல் ஆடி நிறுவனத்தின் லே மான் முயற்சியை நடத்தும் பொறுப்பு யோஸ்டிடம் வந்தது. தொழில்நுட்பத் தலைவர் ரால்ஃப் யூட்னர் அணியின் முகமாக அறியப்பட்டார். முதல் ஆண்டில் மூன்றாம், நான்காம் இடங்கள். 2000 இல் வந்த ஆர்8 கார் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. இந்தக் காரின் பின்பகுதி யோஸ்ட் அணியின் மனப்போக்குக்கே அளந்து தைத்த சட்டை. கியர்பாக்ஸ், பின்சக்கர சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் ஒரே தொகுப்பாக இருந்தன. குழாய் இணைப்புகள் எண்ணெய் சிந்தாமல் கழன்று மாட்டக்கூடியவை. கியர்பாக்ஸ் பழுதானால் கார் பிட்டுக்குள் வரும். மெக்கானிக்குகள் பின்பகுதியை முழுதாக இழுத்து வெளியே எடுத்துவிட்டு, தயாராக நிற்கும் இன்னொன்றைத் தள்ளி மாட்டுவார்கள். மற்ற அணிகள் மணிக்கணக்கில் நேரத்தை இழக்கும் வேலை இங்கே சில நிமிடங்களில் முடிந்தது. ஃபிராங்க் பீலா, இமானுவேலே பிர்ரோ, கிறிஸ்டென்சன் மூவரும் 2000, 2001, 2002 ஆண்டுகளில் தொடர்ந்து வென்றனர். நடுவில் பெரிய இழப்பும் நேர்ந்தது. 2001 ஏப்ரலில் லவுசிட்ஸ்ரிங் தடத்தில் ஆர்8 காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது டயர் பழுதாகி அல்போரேட்டோ உயிரிழந்தார்.

2006 இல் ஆர்10 டிடிஐ, லே மானை வென்ற முதல் டீசல் காரானது. 2007 இலும் வெற்றி தொடர்ந்தது. 2011 வெற்றிதான் ஆடி காலத்தின் உச்சம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆடியின் மூன்று கார்களில் இரண்டு பயங்கர விபத்துகளில் நொறுங்கின. எஞ்சிய ஒரே காரை மார்செல் ஃபெஸ்லர், ஆந்த்ரே லோட்டரர், பெனுவா ட்ரெலூயே மூவரும் இரவெல்லாம் பூஜோ கார்களுக்கு எதிராகக் காத்து, 24 மணி நேரத்துக்குப் பின் 13.854 வினாடி வித்தியாசத்தில் முதலாவதாகக் கொண்டுவந்தனர். 2012 இல் இதே மூவர் ஹைப்ரிட் காருக்கு முதல் லே மான் வெற்றியைத் தந்தார்கள். 2013, 2014 ஆண்டுகளிலும் ஆடியே வென்றது.

2016 இறுதியில் ஆடி இப்பந்தயங்களிலிருந்து விலகியது. 2018 இல் யோஸ்ட் அணி மாஸ்டாவுக்காக அமெரிக்கா சென்றது. 2019 இல் வாட்கின்ஸ் க்ளென் 6 மணி நேரப் பந்தயத்தில் முதல் வெற்றி பெற்று, அடுத்தடுத்து மூன்று பந்தயங்களை வென்றது. 2020 இல் அந்தக் கூட்டு முடிந்தது. பிறகு அமெரிக்காவின் கிளிக்கன்ஹவுஸ் அணிக்குத் துணை நின்றது. அந்தக் கார்கள் 2021 லே மானில் நான்காம், ஐந்தாம் இடங்களைப் பெற்றன.

யோஸ்ட் அணியின் லே மான் வெற்றிகள் 13 என்று சொல்வதுண்டு. ஆடியின் வட அமெரிக்க அணி என்ற பெயரில் பதிவான வெற்றிகளையும் சேர்த்து 15 என்போரும் உண்டு.  எப்படிக் கணக்கிட்டாலும் வேறெந்தத் தனியார் அணியும் அதை எட்டியதில்லை.