கொடும்பாளூரும் ஈழமும்: முறிந்த ஒப்பந்தங்களின் வரலாறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூரை அடையலாம். இன்று அது புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர். ஆயினும், மதுரைக்குச் செல்லும் வழிகள் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் சுட்டும் பழமை அதற்கு உண்டு. பல்லவரும் பாண்டியரும் சோழரும் ஒருவரையொருவர் நெருக்கிய காலத்தில், இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அவர்களுள் ஒருவனாகிய பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்தது மூவர் கோயில். அதன் மூன்று விமானங்களுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளமே எஞ்சியுள்ளது.

இக்குடியில் தோன்றிய படைத்தலைவன் பராந்தகன் சிறியவேளான். சுந்தர சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியை அடுத்து, சோழர் படையுடன் கடல் கடந்து சென்ற அவன் ஈழத்துப் போர்க்களத்தில் மாண்டான் எனக் கல்வெட்டுச் செய்தி கூறுகிறது. இத்தகைய செய்திகளைத் தமிழகத்தில் பலர் பெருமிதத்தோடு எடுத்துரைப்பர். பாக்கு நீரிணைக்கு அப்பால் அதே செய்திகள் அச்சத்தோடு நினைக்கப்படுகின்றன. சிங்களருக்கும் தமிழருக்கும் இடையே உள்ள பகை ஆயிரம் ஆண்டுப் பகை என்றும், அதனை எந்த ஒப்பந்தமும் தீர்க்காது என்றும் இரு கரையிலும் சொல்லப்படுவதை நாம் கேட்கிறோம். இக்கூற்று வரலாற்றுக்கு ஒத்ததுதானா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கொடும்பாளூர் தரும் சான்று

சிறியவேளான் ஈழம் சென்ற காரணத்தை முதலில் நோக்குவோம். சோழன் முதலாம் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன், தன் முடியையும் குலச்சின்னங்களையும் சிங்கள மன்னனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். அவற்றைத் தருமாறு சோழன் கேட்டபோது சிங்கள மன்னன் மறுத்தான். தமிழ் வேந்தன் ஒருவனுடைய முடியை மற்றொரு தமிழ் வேந்தனிடமிருந்து காத்தவன் சிங்கள வேந்தன். இதனை இனப்போர் என்று எங்ஙனம் கூறுவது? பிற்காலத்தில் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல்லைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தமிழ் பேசும் வேளைக்காரப் படையினர் ஏற்றனர்; அச்செய்தியைத் தாங்கிய தமிழ்க் கல்வெட்டு அங்கே உள்ளது. 1739 முதல் 1815 வரை கண்டியின் அரியணையில் வீற்றிருந்தோர் மதுரை நாயக்கர் வழியினர். அவர்களுள் இறுதியானவன் ஆங்கிலேயரால் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

சிறியவேளான் வீழ்ந்த போரின் முடிவும் கருதத்தக்கது. நான்காம் மகிந்தனின் நாட்டின்மீது படை விடுத்த 'வல்லப' மன்னன் வெல்ல இயலாமல் இலங்கை வேந்தனோடு நட்புடன்பாடு செய்துகொண்டான் என்று சூளவம்சம் கூறுகிறது. அவ்வல்லபன் சோழனே என்பது வரலாற்றறிஞர் பலர் கருத்து. ஏறத்தாழ 993இல் முதலாம் இராசராசன் மீண்டும் படையெடுத்தான், அநுராதபுரம் அழிவுற்றது. 1017ஐ ஒட்டி முதலாம் இராசேந்திரன் பாண்டியன் முடியையும், அதனோடு ஐந்தாம் மகிந்தனையும் கைப்பற்றி வந்தான். அம்மன்னன் சோழ நாட்டிலேயே மாண்டான். 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். இவை கொடிய போர்களே. அவற்றின் அழிவை மறைப்பதற்கில்லை. எனினும் இவை அரசர்கள் முடிக்காகவும் நாட்டுக்காகவும் நிகழ்த்திய போர்கள். மக்கள் மக்கள்மீது கொண்ட ஐயுறவு இவற்றிலிருந்து நேரே பிறந்ததன்று. அது பிறந்த ஆண்டுகளை நாம் ஒவ்வொன்றாகக் குறிப்பிட இயலும்.

கையெழுத்தும் கைவிடலும்

விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இதனை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகிய சா. ஜே. வே. செல்வநாயகம் 1949இல் ஒரு கட்சியைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் அதன் பெயர் கூட்டாட்சிக் கட்சி என்று பொருள்படும். தமிழிலோ அது தமிழரசுக் கட்சி. தமிழர் ஆங்கிலத்தில் கேட்பது ஒன்று, தமிழில் விரும்புவது மற்றொன்று என்று சிங்களர் ஐயுற இப்பெயர் வேறுபாடு இடமளித்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதனை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர்.

சட்டத்தைக் கொணர்ந்த பிரதமர் பண்டாரநாயக்கவும் எதிர்த்த செல்வநாயகமும் கொழும்பில் புனித தோமையார் கல்லூரி என்னும் ஒரே கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர்கள். பண்டாரநாயக்க ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்தைத் தழுவியவர். செல்வநாயகம் இறுதிவரை சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவராக வாழ்ந்தவர். இவ்விருவரும் 1957 சூலை 26 அன்று ஓர் ஒப்பந்தம் செய்தனர். பிராந்திய சபைகள் அமைக்கப்படும். குடியேற்றத் திட்டங்களில் நிலம் பெறுவோரைத் தெரிந்துகொள்ளும் அதிகாரம் அச்சபைகளுக்கு இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகம் தமிழில் நடைபெறும். ஆகஸ்டு 20 அன்று தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழரசுக் கட்சி கைவிட்டது.

அடுத்த ஒன்பது திங்களில் நிகழ்ந்தவை நம் சிந்தனைக்கு உரியவை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெ. ஆர். ஜெயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்து அக்டோபரில் கண்டியை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார். வாகனங்களில் சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' பொறிக்கப்பட்ட பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது தமிழரசுக் கட்சியினர் அவ்வெழுத்தைத் தார் பூசி அழித்தனர். தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகள் அழிக்கப்பட்டன. 1958 ஏப்பிரல் 9 அன்று பிக்குகள் பிரதமரின் இல்லத்தின்முன் அமர்ந்தனர். ஒப்பந்தம் கைவிடப்பட்டது என்பதை அன்றே பிரதமர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். மே திங்களில் கலவரம் மூண்டு பலர் உயிரிழந்தனர். மறு ஆண்டு செப்டம்பரில் பண்டாரநாயக்க பிக்கு ஒருவரால் சுடப்பட்டு இறந்தார்.

1965 மார்ச் 24 அன்று செல்வநாயகம் மற்றொரு பிரதமராகிய டட்லி சேனநாயக்கவுடன் ஒப்பந்தம் செய்தார். அதன் உறுதிமொழிகள் முந்தியவற்றினும் சுருங்கியவை. பிராந்திய சபைகளின் இடத்தில் மாவட்ட சபைகள் நின்றன. இம்முறை எதிர்த்தவர் பண்டாரநாயக்கவின் கட்சியினர். 1957இல் எதிர்த்த கட்சி 1965இல் கையெழுத்திட்டது. 1957இல் கையெழுத்திட்ட கட்சி 1965இல் எதிர்த்தது. மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட, தமிழரசுக் கட்சி அரசிலிருந்து விலகிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஓர் உண்மை தெளிவாகிறது. ஒப்பந்த வாசகங்கள் குறையுடையன என்பதால் அவை முறியவில்லை. தலைவர்கள் எதிர்த்தரப்போடு பேசினர். தம் மக்களோடு பேசவில்லை. தான் அளித்த வாக்கு நியாயமானது என்று சிங்களக் கிராமங்களுக்குச் சென்று எடுத்துரைத்த பிரதமர் எவரும் இலர். ஆட்சியை இழப்போம் என்னும் அச்சம் வாக்கினும் வலிதாயிற்று. தமிழரும் இதிலிருந்து ஒரு பாடம் கற்றனர். கொழும்பின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதே அது.

முறிவின் விளைவுகள்

அப்பாடத்தின் விலை பெரிது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரிற்று. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 சூலைப் படுகொலைகளுக்குப்பின் போர் வளர்ந்தது. 1987 சூலை 29 அன்று ராஜீவ் காந்தியுடன் உடன்படிக்கை செய்து மாகாண சபைகளை ஏற்றவர், முப்பது ஆண்டுகளுக்குமுன் பிராந்திய சபைகளை எதிர்த்து நடந்த அதே ஜெயவர்த்தன. ஆனால் போரிட்ட தமிழர் எவரும் அதில் கையெழுத்திடவில்லை. சில திங்களில் அமைதி காக்கச் சென்ற இந்தியப் படையே விடுதலைப் புலிகளோடு போரிட நேர்ந்தது.

ஐயுறவு எதிரியோடு நிற்பதில்லை. அது தன் இல்லத்துக்குள்ளும் நுழைகிறது. சமரசம் பேசிய தமிழரைத் தமிழரே துரோகி என்றனர். அமிர்தலிங்கம் 1989இலும், அரசியலமைப்புத் தீர்வுக்கு உழைத்த நீலன் திருச்செல்வம் 1999இலும் புலிகளால் கொல்லப்பட்டனர். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் பல்லாயிரவர் புலிகளால் தம் வீடுகளினின்று விரட்டப்பட்டனர். தமிழருக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லும் நா இதனையும் சொல்லுதல் வேண்டும்.

நார்வேயின் இரு முயற்சிகள்

2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்தத்துக்கு நார்வே துணைநின்றது. அதே நார்வேயின் துணையோடு 1993 செப்டம்பரில் இஸ்ரயேலரும் பாலஸ்தீனரும் ஓஸ்லோ உடன்பாட்டை எய்தினர். இரண்டிலும் கடினமான வினாக்கள் பின்னர்ப் பேசப்படும் என ஒத்திவைக்கப்பட்டன. அங்கே எருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள். இங்கே அதிகாரப் பகிர்வு. ஒத்திவைக்கப்பட்ட காலம் நம்பிக்கையை வளர்க்கும் என எண்ணப்பட்டது. மாறாக, அங்கே குடியேற்றங்கள் பெருகின. பேருந்துகளில் குண்டுகள் வெடித்தன. 1995 நவம்பரில் பிரதமர் ராபினைக் கொன்றவன் ஒரு யூதன். இங்கே 2003 ஏப்பிரலில் புலிகள் பேச்சினின்று விலகினர். 2008 சனவரியில் அரசு போர்நிறுத்தத்தை முடித்தது. 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் எண்ணிறந்த பொதுமக்கள் மாண்டபின் போர் முடிந்தது. அங்கே 2023 அக்டோபர் 7இன் படுகொலையும், அதன்பின் காசாவில் நேர்ந்த பேரழிவும் முப்பது ஆண்டு ஐயுறவின் விளைச்சலே.

மற்றோர் ஒப்புமையும் உண்டு. மகாவம்சத்தையும் சோழர் செப்பேடுகளையும் இற்றை நாளைய நிலத்துக்கு உரிமைப் பத்திரமாக வாசிப்போர் உளர். யோசுவாவின் புத்தகத்தை அவ்வாறே வாசித்து, விவிலியத்தின் இஸ்ரவேலையும் 1948இல் தோன்றிய அரசையும் ஒன்றெனக் கொள்வோர் கிறிஸ்தவ சபைகளிலும் உளர்.

எரேமியாவின் நாளில்

எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது நிகழ்ந்த ஒன்றை எரேமியாவின் 34ஆம் அதிகாரம் உரைக்கிறது. சிதேக்கியா அரசனும் மக்களும் தம் எபிரெய அடிமைகளை விடுவிப்பதாகத் தேவாலயத்தில் உடன்படிக்கை செய்தனர், விடுவித்தும் விட்டனர். எகிப்தின் சேனை வருவதறிந்து கல்தேயர் முற்றுகையைத் தளர்த்தியவுடன், விடுவித்தவர்களை மீண்டும் அடிமைப்படுத்தினர். அச்சத்தில் செய்த உடன்படிக்கை, அச்சம் நீங்கியவுடன் நீங்கிற்று. தீர்க்கதரிசி இதனை அரசியல் தவறாக மட்டும் கருதவில்லை. தேவனுடைய நாமத்தைப் பரிசுத்தக் குலைச்சலாக்கிய பாவமாகக் கண்டார். எளியவனுக்கு அளித்த வாக்கு தேவனுக்கு அளித்த வாக்கு என்பதே அவர் தூதின் உட்பொருள்.

இலங்கையில் சிங்களரையும் தமிழரையும் ஒரே பந்தியில் அமர்த்தும் பெரும் சமய அமைப்பு கிறிஸ்தவத் திருச்சபையே. 1983 சூலைக்குப்பின் குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களரும் பௌத்தர்களும் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் தாமும் ஒரு சிங்களராக நின்று, தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காகத் தம் மக்கள் வெட்கி மன்னிப்புக் கோர வேண்டும் என்றார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். தன் இனத்தாரிடம் பேசும் துணிவு, பிரதமர்களிடம் இல்லாதது, அவரிடம் இருந்தது.

புதுக்கோட்டை முகாம்கள்

சிறியவேளான் ஈழத்துக்குப் புறப்பட்ட அதே புதுக்கோட்டைச் சீமையில் இன்று லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் ஈழத்திலிருந்து வந்தோர் முகாம்களில் வாழ்கின்றனர். அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று 2021இல் தமிழக அரசு பெயர் மாற்றியது. ஆயினும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை எட்டாப் பொருளாகவே இருந்துவந்துள்ளது.

இங்கே ஒரு வாக்கு நம் நாட்டையும் சாரும். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா உறுதியளித்தது. 1984இல் போரினால் இராமேசுவரம் கப்பல் நின்றது. அதன்பின் படகேறி வந்த மலையகத்தார் பலர், ஒப்பந்தப்படி குடிமக்களாகப் பதிவு பெறவேண்டியவர்களாயிருந்தும், அகதிகள் என்றே எழுதப்பட்டனர். கொழும்பு முறித்த வாக்குகளை எண்ணும் தமிழகம் தில்லி நிறைவேற்றாத இவ்வாக்கையும் எண்ணுதல் நீதி.

ஐயுறவு ஆயிரம் ஆண்டு முதுமையுடையதாயின் நாம் செய்யத்தக்கது யாதுமில்லை. அது முறிந்த வாக்குகளால் விளைந்ததாயின், காக்கப்படும் வாக்குகளால் தேயும். முகாமிலுள்ள ஒரு பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பத்துக்காக எழுதுவதும், வாதாடுவதும், உடன் நிற்பதும் நம் சபைகளால் இயலும் செயல். ஞாயிறுதோறும் புதிய உடன்படிக்கையின் பாத்திரத்தைக் கையில் ஏந்தும் மக்களுக்கு, எளியவனுக்கு அளித்த வாக்கைக் காத்தல் வழிபாட்டின் ஒரு பகுதியேயாகும்.