எக்ஸ்பிக்கு எப்ப டாட்டா காட்டுறது? பைத்தான் சொல்லும் கதை

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். நிரல் எழுதத் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரிதான் எழுதியிருக்கேன், பயப்படாம உள்ள வாங்க :-)

மென்பொருள் உலகத்துல புதுசா ஒண்ணைச் சேர்த்தா கைதட்டல் கிடைக்கும். பழசு ஒண்ணை எடுத்தா திட்டுதான். அதுலயும் பெரிய திட்டு, "இனிமே இந்தப் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல இது ஓடாது"ன்னு அறிவிக்கிறவனுக்கு.

தனியா ஒரு கேம் அப்படிச் சொன்னா, போச்சு ஒரு கேம். ஆனா ஒரு லைப்ரரி சொன்னா கதையே வேற. லைப்ரரிங்கிறது மத்தவங்க எழுதுற நிரல்களுக்கு அஸ்திவாரம். அதுமேல நூறு பேர் வீடு கட்டியிருப்பாங்க, அந்த வீட்டுல ஆயிரம் பேர் குடியிருப்பாங்க. அஸ்திவாரம் போட்டவனுக்கு யார் குடியிருக்காங்கன்னே தெரியாது. அப்ப என்னைக்கு, எந்த நியாயத்துல இந்த முடிவை எடுக்கிறது? இதுக்குப் பைத்தான் மொழியும் அதோட கூடவே வர்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரியும் கடந்து வந்த பாதை நல்ல பாடம். நான் தினமும் அதுலதான் ஆணி புடுங்குறேன்கிறதால கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தேன்.

2002 ஜூலையில மார்ட்டின் ஃபான் லூவிஸ் என்கிற பைத்தான் டெவலப்பர் ஒரு ஆவணம் எழுதினார். பேரு பெப் 11. எந்தெந்த சிஸ்டத்துக்கு இனி ஆதரவு கிடையாது, அதை எப்படிப் படிப்படியா நிறுத்துறது என்பதற்கான விதிமுறை. அதுல எனக்குப் பிடிச்சது, ஒரே அடியில வெட்டுறது கிடையாது. முதல் வெளியீட்டுல "இதுக்கு ஆதரவு முடியப் போகுது"ன்னு தெரியப்படுத்துவாங்க. நிரல் அப்படியே இருக்கும். யாராவது "நான் பார்த்துக்கறேன்"னு பொறுப்பு எடுத்துக்க முன்வந்தா அது பிழைச்சுக்கும். யாரும் வரலைன்னா அடுத்த வெளியீட்டுல அந்த வரிகள் காலி. கிட்டத்தட்ட நம்ம ஊர்ல வீட்டைக் காலி பண்ணச் சொல்லும்போது கொடுக்குற அவகாசம் மாதிரி.

விண்டோஸ் 95, 98, எம்ஈ, என்டி 4 எல்லாம் இப்படித்தான் போச்சு. 2006 செப்டம்பர்ல வந்த பைத்தான் 2.5 இன்ஸ்டாலரே அந்த சிஸ்டங்கள்ல எச்சரிக்கை காட்டியது. 2008 அக்டோபர்ல வந்த 2.6 அவற்றை விட்டுவிட்டது.

சரி, ஏன் விடணும்? சும்மா இருந்துட்டுப் போகட்டுமே, சோறா போடுறோம்? இந்தக் கேள்விக்குப் பதில் தமிழ்ல எழுதுற நமக்கு ரொம்ப நெருக்கமானது.

2003, 2004 வாக்குல பதிவு எழுத ஆரம்பிச்ச சீனியர்களுக்கு விண்டோஸ் 98ல தமிழ் யூனிகோட் கட்டம் கட்டமாத் தெரிஞ்ச கொடுமை மறந்திருக்காது. விண்டோஸ் 2000லதான் தமிழுக்கு முறையான ஆதரவு வந்தது. பிரச்சினையோட வேர் இதுதான்: விண்டோஸ்ல கோப்பைத் திறக்குறது மாதிரியான வேலைகளுக்கு ரெண்டு விதமான கட்டளைகள் உண்டு. ஒண்ணு பழைய ஆன்சி வகை, இன்னொண்ணு யூனிகோட் வகை. ஆன்சி வகைக்கு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு எழுத்து அட்டவணை வேணும். தமிழுக்கு அப்படி ஒரு அட்டவணை விண்டோஸ்ல இருந்ததே இல்லை. யூனிகோட் மட்டும்தான் நமக்கு வழி. ஆனா விண்டோஸ் 98ல கோப்பு வேலைகளுக்கு யூனிகோட் கட்டளைகள் ஒழுங்கா வேலை செய்யாது.

2003ல வந்த பைத்தான் 2.3தான் என்டி வகை விண்டோஸ்கள்ல யூனிகோட் கோப்புப் பெயர்களைக் கையாள ஆரம்பிச்சது. அதாவது 'கவிதை' என்று தமிழ்லயே பேர் வெச்ச ஒரு கோப்பை நிரல்ல இருந்து நேரடியாத் திறக்க முடிஞ்சது. ஆனா 98ஐயும் விட முடியாதே. அதனால "இந்த சிஸ்டத்துக்கு யூனிகோட் கோப்புப் பெயர் தெரியுமா?"ன்னு உள்ளுக்குள்ள ஒரு கேள்வி. தெரியும்னா ஒரு பாதை, தெரியாதுன்னா இன்னொரு பாதை. கோப்பைத் திறக்க, அழிக்க, பேர் மாத்த, ஃபோல்டர் உருவாக்கன்னு இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யணும். எழுதுறது ரெண்டு மடங்கு, சோதிக்கிறது ரெண்டு மடங்கு. 98 போன பிறகு அந்தக் கேள்விக்கே வேலை இல்லை.

யோசிச்சுப் பாருங்க. "பழசை விட்டா ஏழைக்குக் கஷ்டம்"னு பொதுவாச் சொல்வோம். அது உண்மைதான். அதே சமயம், பழசைப் பிடிச்சுத் தொங்குறதுக்கான விலையை வேற யாரோ கொடுத்துக்கிட்டு இருக்காங்க. இந்தக் கதையில அந்த வேற யாரோவுல நம்ம மொழியும் ஒண்ணு.

அடுத்து எக்ஸ்பி. 2001 அக்டோபர்ல வந்து, 2014 ஏப்ரல் 8ல மைக்ரோசாஃப்ட் கையைக் கழுவுற வரைக்கும் பன்னிரண்டரை வருஷம் ஓடின குதிரை. பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேப்ல அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனா அந்தப் புல்வெளிக்கு அடியில என்ன பாடுன்னு பாருங்க.

பைத்தான் 3.3ல (2012) புதுசா ஒரு கடிகாரம் சேர்த்தாங்க. பின்னாடி போகவே போகாத கடிகாரம். ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆச்சுன்னு அளக்கறதுக்கு. விஸ்டாவுலயும் அதுக்குப் பிறகு வந்ததுலயும் இதுக்கு 64 பிட் கவுன்டர் இருக்கு. எக்ஸ்பியில 32 பிட்தான். மில்லிசெகண்ட் கணக்குல எண்ணினா 49.7 நாள்ல அது நிரம்பி, திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துடும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் சுத்தி வர்ற மாதிரி. அதனால எக்ஸ்பிக்குன்னே தனியா, கவுன்டர் சுத்தி வந்துடுச்சான்னு கவனிச்சு, வந்தா ஒரு சுற்றுக் கணக்கைக் கூட்டிக்கிற நிரல் எழுதினாங்க. அப்பவும் முழுசாச் சரியாகலை. அந்தச் சுற்றுக் கணக்கு ஒவ்வொரு புராசஸும் தனித்தனியா வெச்சுக்கறது. அதனால 49 நாளுக்கு மேல ஓடுற ரெண்டு புராசஸ் ரெண்டு விதமா நேரம் காட்டலாம்னு பைத்தான் ஆவணத்துலயே எழுதி வெச்சாங்க.

இதைச் சோதிக்கணும்னா என்ன பண்ணணும்? எக்ஸ்பி போட்ட ஒரு பொட்டியை வெச்சுக்கிட்டு உட்காரணும். பெரும்பாலும் சம்பளம் வாங்காம, ராத்திரி பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு வந்து எழுதுற ஆட்கள். "ஆதரவு"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி இருக்கிறது இந்த மாதிரி ஒரு மனுஷனோட ராத்திரிதான்.

இங்கதான் பைத்தான் ஒரு தெளிவான விதி வெச்சது. விண்டோஸைப் பொறுத்தவரை எத்தனை பேர் பயன்படுத்துறாங்கன்னு எண்ண வேண்டாம், யார் அதிகமாச் சத்தம் போடுறாங்கன்னு பார்க்க வேண்டாம். ஒரு புதுப் பதிப்பு வெளியாகுற நாள்ல எந்தெந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட்டோட நீட்டிக்கப்பட்ட ஆதரவு உயிரோட இருக்கோ, அவை எல்லாத்துக்கும் பைத்தான் ஆதரவு உண்டு. அதைவிட முக்கியம் அடுத்த பகுதி: அந்தப் பதிப்புக்கு வர்ற திருத்தங்கள் கடைசி வரைக்கும் அதே விண்டோஸ்கள்ல ஓடும். நடுவுல அந்த விண்டோஸோட காலம் முடிஞ்சாலும் சரி.

இது எப்படி வேலை செஞ்சதுன்னு தேதிகளைப் பார்த்தாத் தெரியும். பைத்தான் 3.4 வந்தது 2014 மார்ச் 16. எக்ஸ்பி முடிய இன்னும் 23 நாள் பாக்கி. அந்த 23 நாள் இடைவெளியால 3.4க்கு எக்ஸ்பி ஆதரவு உறுதியாச்சு. 2015 டிசம்பர் வரைக்கும் இன்ஸ்டாலர் கிடைச்சது. அதுக்கப்புறம் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், மூல நிரலா, 2019 மார்ச் வரைக்கும். எக்ஸ்பியை முதல்ல விட்டது 2015 செப்டம்பர்ல வந்த 3.5.

விண்டோஸ் 7க்கும் இதே கதை. 2019 அக்டோபர்ல வந்த 3.8 அதுல ஓடும். 2020 ஜனவரியில விண்டோஸ் 7 காலம் முடிஞ்சது, அந்த வருஷம் அக்டோபர்ல வந்த 3.9 ஓடாது. விண்டோஸ் 10ஐப் பாருங்க: 2025 அக்டோபர் 14ல அதோட வழக்கமான ஆதரவு முடிஞ்சது. பைத்தான் 3.14 வந்தது அதுக்கு ஒரே ஒரு வாரம் முன்னாடி, அக்டோபர் 7.

விதியில ஓட்டை இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. முதல்ல, முடிவெடுக்கிற சாவியை ஒரு தனியார் நிறுவனத்துக்கிட்ட கொடுத்தாச்சு. ரெண்டாவது, மைக்ரோசாஃப்ட் நாள் குறிச்சதால உலகம் அன்னைக்கே மாறிடாது. நம்ம ஊர் ஏடிஎம்களையே எடுத்துக்குங்க. எக்ஸ்பியில ஓடுற ஏடிஎம்கள் பத்தி 2017 ஏப்ரல்ல ரிசர்வ் வங்கி கவலை தெரிவிச்சது. அடுத்த மாசமே வானாக்ரை வைரஸ் உலகத்தை உலுக்க, காலாவதியாகி மூணு வருஷம் ஆன எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட்டே விதிவிலக்கா ஒரு பேட்ச் கொடுத்தது. 2018 ஜூன்ல ரிசர்வ் வங்கி கெடு விதிச்சது: செப்டம்பருக்குள்ள கால்வாசி ஏடிஎம், டிசம்பருக்குள்ள பாதி, 2019 ஜூனுக்குள்ள எல்லாமே மாறியாகணும். எக்ஸ்பி போய் அஞ்சு வருஷத்துக்கு அப்புறம்! பணம் இருக்கிற வங்கிக்கே இந்த நிலைமைன்னா, ஒரே ஒரு பழைய பொட்டியை வெச்சு டிடிபி சென்டர் நடத்துற அண்ணாச்சியை என்ன சொல்றது?

எல்லாருக்கும் ஒரே விதி பொருந்தாதுங்கிறதையும் சொல்லணும். வீடியோ பார்க்குற விஎல்சி, 2018ல வந்த 3.0 பதிப்புலயும் எக்ஸ்பியை விடலை. லினக்ஸ் கெர்னலுக்கோ நாள் குறிச்சுக் கொடுக்க ஒரு கம்பெனியே கிடையாது. 2012 டிசம்பர்ல இன்டெல் 386 சிப்புக்கான ஆதரவை எடுத்தாங்க, 2013 பிப்ரவரியில வந்த 3.8 கெர்னல்ல அது இல்லை. 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதினதே ஒரு 386 பொட்டியிலதான். பெத்த வீட்டையே இடிச்சாச்சு. காரணம் அதேதான்: 486ல வந்த சில கட்டளைகள் 386ல கிடையாது, அந்த ஒண்ணுக்காக எல்லா இடத்துலயும் சுத்துவழி எழுத வேண்டியிருந்தது.

எங்க ஆபீஸ்ல நான் பார்த்துக்கிற குட்டி லைப்ரரிக்கும் இதே கேள்வி வந்தது. விண்டோஸ் 7 வெச்சிருக்கிற ஒரு கிளையன்ட், "எங்க மெஷினை இப்ப மாத்த முடியாது"ன்னாங்க. டீம்ல ஒரு கோஷ்டி "தூக்கு", இன்னொரு கோஷ்டி "வெச்சிரு". பைத்தான் வழியைச் சொன்னேன். இன்ன தேதிக்கு அப்புறம் வர்ற புதுப் பதிப்பு விண்டோஸ் 7ல ஓடாது, இப்ப கையில இருக்கிற பதிப்புக்கு இத்தனை காலம் திருத்தம் தருவோம்னு எழுதிக் கொடுத்தோம். சந்தோஷப்பட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தேதியை வெச்சு அவங்க மேலிடத்துல புது மெஷினுக்குக் காசு கேட்க முடிஞ்சது.

இந்த வரலாற்றுல இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். என்னைக்கு விடுறோம்கிறதைவிட, விடப்போற நாள் முன்னாடியே தெரியுமாங்கிறதுதான் பெரிசு. விட்ட பிறகு கடைசியா ஓடின பதிப்பைக் கொஞ்ச காலமாவது அனாதையா விடாமப் பார்த்துக்கணும். இந்த ரெண்டும் இருந்தா அண்ணாச்சிக்கும் அவகாசம் கிடைக்கும், ராத்திரி கண் முழிக்கிறவனுக்கும் தூக்கம் கிடைக்கும்.

உங்க அனுபவத்துல இந்த மாதிரிப் பழசை எப்ப, எப்படி விட்டீங்க? இன்னும் எக்ஸ்பி ஓட்டிக்கிட்டு இருக்கிற மகராசன் யாராவது இருந்தா, கண்டிப்பா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க :-)