ருது காலமும் நாட்கணக்கும்

பரத்தையை நாடித் தன் மனையை விட்டு நீங்கியிருந்த கணவனுக்கு, மனைவி பூப்பெய்தினாள் என்ற செய்தியை வாய்விட்டுச் சொல்லாமலே அறிவிப்பதற்குப் பண்டைத் தமிழர் ஒரு வழக்கத்தைக் கண்டிருந்தனர் என்பதை நம் அகப்பொருள் இலக்கணங்கள் கூறுகின்றன. சேடியொருத்தி சிவந்த ஆடையும் சிவந்த மலரும் அணிந்து அவன் இருக்கும் சேரிக்குச் செல்வாள். அவளைக் கண்ட மாத்திரத்தில் அவன் குறிப்புணர்ந்து வீடு திரும்ப வேண்டும். இதற்குச் செவ்வணி என்று பெயர். தொல்காப்பியமும் கற்பியலில், பரத்தையிற் பிரிந்த கணவன்கூடப் பூப்பை ஒட்டிய பன்னிரண்டு நாட்கள் மனைவியை விட்டு அகன்று உறைதல் ஆகாது என்று விதிக்கின்றது. முதல் மூன்று நாட்கள் கூட்டத்திற்கு உரியவை அல்ல என்பது உரை மரபு. இவ்விதி கருதியது மனைவியின் துயரத்தையன்று, குடி விளங்கப் பிறக்கவேண்டிய மகவையே என்பது வெளிப்படை. ஆயினும், வேறெந்த முறையீட்டுக்கும் செவிசாயாத கணவனை அழைத்து வரும் உரிமையை அவள் உடலின் நியதி ஒன்றே அவளுக்கு அளித்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கின்றது.

இந்தப் பன்னிரண்டு நாட் கணக்கு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சுசுருத சம்ஹிதை ருது காலத்தைப் பன்னிரண்டு இரவுகளாகவே வகுத்து, அக்காலம் கழிந்தபின் பொழுது சாய்ந்த தாமரையைப்போலக் கருவாய் குவிந்துவிடும் என்று கருதிற்று. மனுஸ்மிருதி பதினாறு இரவுகளைச் சொல்லி, அவற்றுள் முதல் நான்கையும் பதினொன்றாவதையும் பதின்மூன்றாவதையும் நீக்கி, இரட்டை இரவுகளில் புத்திரனும் ஒற்றை இரவுகளில் புத்திரியும் ஜனிப்பர் என்று கணக்கிட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் செய்த சொரானஸ் என்ற கிரேக்கரும், உதிரப்போக்கு ஓயும் தறுவாயே கருத்தரிப்புக்கு உகந்தது என்றார். உதிரம் கருப்பையைத் திறந்து தூய்மை செய்கிறது, திறந்த இடத்தில் வித்து பற்றுகிறது என்பதே இவர்கள் அனைவருடைய அபிப்பிராயத்துக்கும் அடிப்படை. யூதர் வழக்கம் ஒன்றே சற்று வேறுபட்டது. உதிரம் நின்றபின் ஏழு தூய நாட்களைக் கழித்து நீராடிய பிறகே மனைவி கணவனோடு கூடுவாள். ஆகவே அவர்கள் கூடும் நாள் ஏறத்தாழப் பன்னிரண்டாம் நாளுக்குப் பின்னரே வரும்.

ஐரோப்பிய விஞ்ஞானம் இவ்விஷயத்தில் கைவைத்தபோது வெளிச்சம் உடனே வந்துவிடவில்லை. சில காலம் இருள் கூடவே செய்தது. டெல்ஃப்ட் நகரத்து டி கிராஃப் 1672-இல் சூலகத்தின் நீர்க்கொப்புளங்களை விவரித்தார். 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் அக்கொப்புளத்துக்குள் இருந்த நுண்ணிய அண்டத்தை முதன்முதலாகக் கண்டார். அவர் கண்டது ஒரு பெண் நாயின் சூலகத்தில். நாய்க்கு உதிரம் கசியும் காலத்தை ஒட்டியே அண்டம் வெளிப்படுகிறது. இதைக் கண்ட அறிஞர்கள் மானிடப் பெண்ணுக்கும் அவ்வாறே என்று துணிந்தனர். ரூவான் நகரத்துப் பூஷே 1847-இல் வெளியிட்ட பெருநூலில் இதை ஒரு நியதியாகவே நிலைநாட்ட முற்பட்டார். நாயின் உதிரம் அண்டம் முதிர்வதன் அறிகுறி. பெண்ணின் உதிரமோ, வெளிப்பட்ட அண்டம் கருவாகாமையால், அதற்கென்று ஆயத்தமாயிருந்த கருப்பையின் உட்படலம் கழிவதன் விளைவு. இரண்டும் வெவ்வேறு என்பதை உணராத வைத்தியர்கள், கர்ப்பத்தை விரும்பாதவர்களுக்கு இரு விலக்குகளுக்கு இடைப்பட்ட நடுநாட்களே அபாயமற்றவை என்று உபதேசித்தனர். பிரசவம் உயிரைப் பறிக்கும் காலமாக இருந்த அந்த நூற்றாண்டில், வைத்தியரின் சொல்லை நம்பி மிகச் சரியாகத் தவறான நாட்களைத் தேர்ந்துகொண்ட பெண்களின் நிலை எத்தகையது! அவர்களுடைய கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த அறியாமை முற்றும் அகலவில்லை. விலக்குக்கு முன்னர்க் கருப்பையின் உட்படலம் தடித்துச் சுரப்பிகள் பெருகுவதைக் கண்டு, அது அழற்சி நோய் என்று மருத்துவர்கள் பெயரிட்டிருந்தனர். வியன்னாவில் ஹிட்ஷ்மான், ஆட்லர் என்ற இருவர் 1908-இல், அந்த மாற்றம் நோயன்று, ஆரோக்கியமான பெண்ணுக்கு மாதந்தோறும் முறையாக நிகழ்வதே என்று நிரூபித்தனர். இயற்கையின் ஒழுங்கையே வியாதி என்று கருதியிருந்தது வைத்திய சாஸ்திரம் என்பதை இன்று படிக்கும்போதும் நம்ப முடியவில்லை.

கணக்கைத் திருத்தியவர் ஜப்பான் தேசத்து நீகாட்டா நகரில், ஓர் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த கியூசாகு ஓகினோ. அவர் வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்யும்போதெல்லாம் சூலகத்தின் நிலையைக் குறித்துக்கொண்டார். அப்பெண்களின் விலக்கு நாட்களையும் கேட்டு எழுதினார். முந்திய விலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணியபோது ஒரு பெண்ணுக்கும் மற்றொருத்திக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. அடுத்து வரும் விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணியபோது ஒத்துவந்தது. அடுத்த விலக்குக்கு முந்திய 12 முதல் 16 நாட்களுக்குள் அண்டம் வெளிப்படுகிறது என்று 1924-இல் அவர் எழுதினார். ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாவுஸ், கருப்பைத் தசை பிட்யூட்டரிச் சாற்றுக்கு எவ்வாறு சுருங்குகிறது என்பதை ஆராய்ந்து, வேறு வழியாகச் சென்று, சில ஆண்டுகளில் ஏறத்தாழ இதே முடிவை அடைந்தார். காரணமும் பின்னர்த் தெளிவாயிற்று. அண்டம் நீங்கிய கொப்புளம் மஞ்சள் நிறத் திரளாக மாறி, ஏறக்குறைய இரு வாரங்கள் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, கரு உண்டாகாவிடின் வாடிவிடுகிறது. அது வாடினால் உதிரம் வருகிறது. அண்டம் முதிரும் முற்பகுதியே பெண்ணுக்குப் பெண்ணும் மாதத்துக்கு மாதமும் நீளவும் குறுகவும் செய்கிறது.

1995-இல் அமெரிக்காவில் 221 பெண்களை ஆராய்ந்து வெளியான முடிவின்படி, அண்டம் வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமாக ஆறு நாட்களே கருத்தரிப்புக்கு உரியவை. 28 நாட்களில் விலக்காகும் பெண்ணுக்கு அவை ஏறத்தாழ 9-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை. முதல் மூன்று நாட்களைக் கழித்து எண்ணினால், தொல்காப்பியம் கூறும் பன்னிரண்டு நாட்களுக்குள் அவை முழுதும் அடங்கிவிடுகின்றன. காரணம் அறியாமல் காரியத்தில் வழுவாமல் நின்ற அந்த வழக்கத்துக்கு உரிய மதிப்பை நாம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாதம் நீண்டு வரும் பெண்ணுக்கு அந்தக் கணக்கும் பொய்த்திருக்கும், அப்போது மலடி என்ற பழி விழுந்திருப்பது அவள்மேல்தான்.

ஓகினோவின் கணக்கை உலகம் எடுத்துக்கொண்ட விதம் வேறு. மகப்பேறு வேண்டுவோர்க்குப் பயன்படும் என்று அவர் கண்ட முறையைக் கர்ப்பத்தைத் தவிர்க்கும் முறையாக மேல்நாட்டார் பரப்பினர். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இத்தாலிய மருத்துவச்சியரிடையே பேசுகையில், தக்க காரணம் உள்ள தம்பதிகளுக்கு இந்நாட்கணக்கை அனுமதித்தார். ஓகினோ தம் பெயரால் வழங்கிய அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. வரப்போகும் விலக்கின் நாளை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. பின்னோக்கி எண்ணும் கணக்கு, அந்நாள் வந்த பிறகே முழுமையடைகிறது.