அணுகுதற்கரிய புள்ளிகளின் செயற்கைக்கோள் நில அளவை

அணுகுதற்கரிய புள்ளிகளின் செயற்கைக்கோள் நில அளவை என்பது, வாங்கிக் கருவியை நேர்மேலே நிறுத்த இயலாத ஓர் இடத்தின் ஆள்கூறுகளைச் செயற்கைக்கோள் (செய்மதி) இடங்காணல் கருவியின் துணைகொண்டு மறைமுகமாகக் கண்டறியும் முறைகளைக் குறிக்கும். கட்டடத்தின் மூலை, மதிலின் அடி, மரத்தடியில் உள்ள எல்லைக்கல், ஆற்றின் மறுகரை, செங்குத்தான பாறை முகம் ஆகியன இத்தகைய புள்ளிகளுக்கு எடுத்துக்காட்டுகளாகும். அமெரிக்காவின் ஜிபிஎஸ், உருசியாவின் குளோனாசு, ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய தொகுதிகளின் குறிப்பலைகள் இவ்வளவையில் பயன்படுகின்றன.

அடிப்படைச் சிக்கல்

வாங்கி கணிப்பது தன் ஆண்டெனாவின் நிலையை மட்டுமேயாகும். தரையில் உள்ள புள்ளியை அது அறியாது. வழக்கமான அளவையில் ஆண்டெனா சுமார் 2 மீட்டர் நீளமுள்ள கோலின் உச்சியில் பொருத்தப்படுகிறது. கோலின் கூர்முனை புள்ளியின் மீது வைக்கப்பட்டு, குமிழி மட்டத்தின் உதவியால் கோல் செங்குத்தாக்கப்படுகிறது. அப்போது ஆண்டெனாவின் உயரத்திலிருந்து கோலின் நீளத்தைக் கழித்தால் புள்ளியின் உயரம் கிடைக்கும். கிடைநிலை ஆள்கூறுகள் இரண்டுக்கும் ஒன்றே.

அறியப்பட்ட நிலையத்திலிருந்து திருத்தங்களை உடனுக்குடன் பெற்று இயங்கும் வாங்கிகள், திறந்த வெளியில் 1 முதல் 2 செ.மீ. வரையிலான கிடைநிலைத் துல்லியத்தைத் தரவல்லன. ஆனால் 2 மீட்டர் கோல் 1 பாகை சாய்ந்தாலே கிடைநிலையில் 3.5 செ.மீ. பிழை உண்டாகும். சுவரின் மூலையில் ஆண்டெனாவின் அகலம் காரணமாகக் கோலைச் செங்குத்தாக நிறுத்தவே முடியாது. அத்துடன் சுவர் வானின் ஒரு பகுதியை மறைக்கிறது. குறிப்பலைகளை எதிரொளித்து, அவை நீண்ட பாதையில் வந்து சேரவும் செய்கிறது. இது பல்வழிப் பிழை எனப்படும்.

முறைகள்

கோட்டு நீட்டிப்பு முறை: அளக்க வேண்டிய புள்ளியுடன் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு திறந்த வெளியில் இரு துணைப்புள்ளிகள் அளக்கப்படுகின்றன. பின்னர் அருகில் உள்ள துணைப்புள்ளியிலிருந்து தொலைவு நாடாவால் அளக்கப்படுகிறது. துணைப்புள்ளிகளின் இடைவெளி 5 மீட்டராக இருந்து, அருகில் உள்ளதன் நிலையில் 2 செ.மீ. பக்கவாட்டுப் பிழை இருப்பின், முதற்புள்ளியிலிருந்து 20 மீட்டர் தொலைவில் அப்பிழை 8 செ.மீ. ஆகப் பெருகும். எனவே நீட்டிப்பு, துணைப்புள்ளிகளின் இடைவெளியை மிகாதிருத்தல் நன்று.

இரு தொலைவு வெட்டு முறை: இரு துணைப்புள்ளிகளிலிருந்தும் புள்ளிக்கான கிடைத்தொலைவுகள் அளக்கப்படுகின்றன. இத்தொலைவுகளை ஆரங்களாகக் கொண்ட வட்டங்கள் வெட்டுமிடமே புள்ளியாகும். எடுத்துக்காட்டாக, துணைப்புள்ளிகளின் இடைவெளி 10 மீட்டர், தொலைவுகள் முறையே 6 மீட்டர், 8 மீட்டர் எனில், புள்ளி முதற்புள்ளியிலிருந்து கோட்டின் வழியே 3.6 மீட்டரிலும், கோட்டுக்குச் செங்குத்தாக 4.8 மீட்டரிலும் அமையும். வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டுவதால், புள்ளி கோட்டின் இடப்புறமா வலப்புறமா என்பதைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. வெட்டுக்கோணம் 90 பாகைக்கு அருகில் இருத்தல் சிறப்பு. அது 20 பாகையாக இருந்தால், ஒரு தொலைவில் நேரும் 2 செ.மீ. பிழை புள்ளியின் நிலையில் ஏறத்தாழ 6 செ.மீ. ஆகிவிடும்.

திசை, தொலைவு முறை: காந்தத் திசைகாட்டி இணைந்த லேசர் தொலைவுமானியால் ஒரு துணைப்புள்ளியிலிருந்தே புள்ளியைக் குறிவைக்கலாம். இது விரைவானது, எனினும் திசையில் 1 பாகை பிழை நேர்ந்தால் 50 மீட்டர் தொலைவில் நிலை 87 செ.மீ. விலகும். ஆகவே எல்லை அளவைக்கு இது பொருந்தாது.

டோட்டல் ஸ்டேஷனுடன் இணைத்தல்: ஒன்றையொன்று காணக்கூடிய இரு துணைப்புள்ளிகளைச் செயற்கைக்கோள் கருவியால் நிறுவி, ஒன்றில் டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி மற்றதை நோக்கித் திசையமைத்து, பின்னர் புள்ளிக்கான கோணமும் தொலைவும் அளக்கப்படுகின்றன. எதிரொளிப்பான் இன்றியே அளக்கும் கருவிகளால் பாறை முகம், மறுகரை ஆகியவற்றையும் அளக்கலாம்.

சாய்கோல் முறை: கோலைச் சாய்த்துப் பிடித்து, சாய்வின் அளவையும் திசையையும் உணரிகளால் அறிந்து கூர்முனையின் நிலை கணிக்கப்படுகிறது. 2 மீட்டர் கோல் 30 பாகை சாய்ந்தால், ஆண்டெனா கூர்முனையிலிருந்து கிடையாக 1 மீட்டர் விலகியும், செங்குத்து நிலையைவிட 27 செ.மீ. தாழ்ந்தும் இருக்கும். தொடக்கக் காலக் கருவிகள் சாய்வின் திசைக்குக் காந்தத் திசைகாட்டியை நம்பியிருந்தமையால், வாகனங்கள், இரும்புக் கம்பிகள் ஆகியவற்றின் அருகில் தவறின. பிற்காலக் கருவிகள் முடுக்க உணரிகளையும் சுழற்சி உணரிகளையும் பயன்படுத்துகின்றன. அளவையாளர் நடக்கும்போது இவ்வுணரிகள் காட்டும் அசைவும் செயற்கைக்கோள் வழி அறியப்படும் அசைவும் ஒப்பிடப்பட்டுத் திசை பெறப்படுகிறது. கருவி நெடுநேரம் அசையாதிருந்தால் இத்திசையின் நம்பகம் குறையும். மேலும், கோலைச் சாய்த்தாலும் ஆண்டெனா சுவரின் அருகிலேயே இருப்பதால், பல்வழிப் பிழை முற்றிலும் நீங்குவதில்லை.

சரிபார்த்தல்

மறைமுக அளவை எதிலும், ஆண்டெனாவின் பிழையுடன் நாடா, கோணம், சாய்வு ஆகியவற்றின் பிழையும் சேர்கிறது. கருவியின் திரையில் தோன்றும் துல்லிய மதிப்பு, நாடாவைத் தவறாகப் படித்ததைக் காட்டாது. எனவே மூன்றாவது துணைப்புள்ளியிலிருந்து ஒரு தொலைவை மிகையாக அளத்தல், சாய்கோலை எதிர்ப்பக்கம் சாய்த்து மீண்டும் அளத்தல், சிறிது நேரம் கழித்து மறுமுறை அளத்தல் ஆகியன பின்பற்றப்படுகின்றன. எல்லைக்கல் போன்று உரிமையைத் தீர்மானிக்கும் புள்ளிகளுக்கு இம்மிகை அளவீடு தவிர்க்கக் கூடாததாகும்.

எடுத்துக்காட்டு: எவரெசுட்டு சிகரம்

எவரெசுட்டு சிகரம் உலகின் மிக அறியப்பட்ட அணுகுதற்கரிய புள்ளியாகும். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கப்பட்ட இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவையினர், 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கோணங்களை அளந்து, இதன் உயரத்தை 29,002 அடி (சுமார் 8,840 மீட்டர்) என 1856இல் அறிவித்தனர். 1999இல் உச்சியிலேயே ஜிபிஎஸ் கருவி நிறுத்தப்பட்டு 8,850 மீட்டர் எனப் பெறப்பட்டது.

உச்சியை அடைந்த பின்னும் அடிப்படைச் சிக்கல் நீங்கவில்லை. ஆண்டெனா நிற்பது உறைபனியின் மீது. பாறை அதன் அடியில் உள்ளது. 2005இல் சீன அளவையினர் தரை ஊடுருவு ராடாரால் பனியின் தடிப்பைச் சுமார் 3.5 மீட்டர் என அளந்து, பாறையின் உயரத்தை 8,844.43 மீட்டர் என வெளியிட்டனர். இன்னுமொரு சிக்கலும் உண்டு. செயற்கைக்கோள் தரும் உயரம் புவிக்கு ஒப்பான கணித வடிவம் ஒன்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதைக் கடல்மட்ட உயரமாக மாற்ற அப்பகுதியின் புவியீர்ப்பு அளவீடுகள் தேவை. நேபாளம் 2019இலும் சீனா 2020இலும் உச்சியில் நடத்திய அளவைகளின் முடிவில், பனி உட்பட 8,848.86 மீட்டர் என்னும் உயரத்தை இரு நாடுகளும் 2020 திசம்பர் 8 அன்று கூட்டாக அறிவித்தன.

இவற்றையும் பார்க்கவும்

நில அளவையியல்
முக்கோணவியல் அளவை
புவியிடங்காட்டி
டோட்டல் ஸ்டேஷன்
எவரெசுட்டு சிகரம்