மண்ணெண்ணெயும் பெட்ரோலியமும்: ஒரு பொருட்சுருக்கத்தின் வரலாறு

பாபநாசத்தில் தாமிரபரணி பொதிய மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது. அருவி விழும் அப்பாறை கடினமான படிகப் பாறை, எண்ணெய் தங்கக்கூடியதன்று. எண்ணெய் தேங்குவது படிவுப் பாறைகளின் நுண்துளைகளில். தமிழ்நாட்டில் அதற்குக் காவிரிப் படுகையின் நரிமணத்தைச் சுட்ட வேண்டும். ஆகவே ‘பெட்ரோலியம்’ என்பதற்குப் ‘பாறை எண்ணெய்’ எனக் கலைச்சொல் ஆக்கும்போது, சொல் நேராக அமைந்தாலும், மலையடிவாரத்து மாணவர் மனத்தில் எழும் பாறை வேறாகிவிடுகிறது. இதே பொருளுக்கு மிக நெருங்கிய ‘மண்ணெண்ணெய்’ என்னும் சொல் தமிழில் முன்பே வழங்கி வந்தும், அது ஏன் விளக்கெண்ணெய் வகை ஒன்றுக்கு மட்டும் உரியதாயிற்று என்பதே ஆராயத்தக்கது.

பெட்ரோலியம் இடைக்கால இலத்தீன் சொல். ‘பெட்ரா’ பாறை, ‘ஓலியம்’ எண்ணெய். செருமானிய அறிஞர் அகிரிகோலா 1546-இல் வெளியிட்ட கனிம நூலில் இச்சொல்லை ஆண்டார். அவரே இதனைப் படைத்தார் என்பாரும் உளர். ஆயினும் அவருக்கு முன்பே இது வழங்கியது. சீனத்தில் 11-ஆம் நூற்றாண்டில் சென் குவோ வழங்கிய ‘ஷியூ’ என்பதும் கல்லெண்ணெய் என்றே பொருள்படும்.

இலத்தீனின் ‘ஓலியம்’ முதலில் எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயரன்று. ஆலிவ் மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த அது, ஆலிவ் எண்ணெயையே சுட்டிற்று. தமிழின் எண்ணெயும் அவ்வாறே: எள் + நெய். எள்ளின் நெய் பொதுப்பெயராகியபின், எள்ளின் எண்ணெய்க்கே ‘நல்லெண்ணெய்’ எனத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று. சொற்பிறப்பு நோக்கில் பெட்ரோலியம் ‘பாறையின் ஆலிவ் எண்ணெய்’. மண்ணெண்ணெய் ‘மண்ணின் எள்நெய்’. தொடர்பில்லாத இரு மொழிகளில், செக்கில் ஆட்டிய வித்தின் பெயரும் ஆலையில் பிழிந்த கனியின் பெயரும் நிலத்தடிப் பொருளின்மேல் ஏறியிருக்கின்றன. ‘பாறைநெய்’, ‘கன்னெய்’ என்னும் ஆக்கங்கள் எள்ளை நீக்கி நெய்யை மட்டும் வைத்துக்கொண்டவை. நெய் என்பது பழந்தமிழில் உருகும் கொழுப்பிற்கும் எண்ணெய்க்கும் பொதுவாக வழங்கியதால் அவை இலக்கண வழுவற்றவை. ஆனால் மக்கள் வாயில் ஏறவில்லை.

மண்ணெண்ணெய் என்னும் அமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியின் ‘மிட்டீ கா தேல்’, மலையாளத்தின் ‘மண்ணெண்ண’, சிங்களத்தின் ‘பூமிதெல்’, மலாயின் ‘மின்யாக் தானா’ ஆகியன ஒரே கருத்தில் எழுந்தவை. இவை அனைத்தும் கச்சா எண்ணெயை விடுத்து விளக்கிற்கு ஊற்றும் வடிபொருளையே குறிப்பது கவனத்திற்குரியது. காரணம் மொழியில் இல்லை, வணிகத்தில் உள்ளது. ஆபிரகாம் கெஸ்னர் 1854-இல் காப்புரிமை பெற்ற ‘கெரசின்’, 1859-இல் பென்சில்வேனியாவில் டிரேக் துளைத்த கிணற்றுக்குப்பின் மலிவாகி உலகெங்கும் தகரங்களில் பரவியது. தமிழ்நாட்டு வீடுகள் ஊற்றைப் பார்க்கவில்லை; தகரத்தையே பார்த்தன. மூலப்பொருளுக்குப் பொருந்தும் பெயர் கண்ணெதிரே இருந்த வடிபொருளின்மேல் படிந்தது.

செருமானியத்தில் இது தலைகீழாக நிகழ்ந்தது. அங்கே ‘பெட்ரோலியம்’ விளக்கெண்ணெயாகச் சுருங்க, மண்ணெண்ணெய் என்றே பொருள்படும் ‘எர்டூல்’ கச்சா எண்ணெயைக் குறிக்கிறது. எந்தச் சொல் எதற்கு நிலைத்தது என்பதை வேர்ச்சொல் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நெல்லைப் பேச்சில் வழங்குவது ‘சீமெண்ணெய்’. சீமைச்சுண்ணாம்பு, சீமையோடு போல, சீமை இங்கே கடல்கடந்த வரவைக் காட்டும் அடை. இங்கிலாந்தை எண்ணி இட்ட அடையாயினும், பண்டம் வந்தது பெரும்பாலும் அமெரிக்கா, உருசியா, பர்மா ஆகிய நாடுகளிலிருந்து. பிற பகுதிகளின் ‘கிருஷ்ணாயில்’ கெரசின் ஆயில் என்பதன் மருஉ. கண்ணனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் இப்பள்ளத்தாக்கில் அரிக்கன் விளக்கு மெல்லப் பின்வாங்கியது. அடுப்பும் பங்கீட்டுக் கடையும் சொல்லைக் காத்தன.

பொதியத்தையும் அகத்தியரையும் இணைக்கும் மரபு வேரூன்றிய நிலத்தில் மற்றொரு சொல்லும் நினைவிற்கு வரும்: கன்மதம். கல் + மதம். பாறையிலிருந்து கசியும் பொருள் எனச் சித்த மருத்துவம் இதனை உபரசங்களுள் வைத்து எண்ணும். பெயரமைப்பு பெட்ரோலியத்தோடு ஒத்திருப்பதால், சித்தர்கள் பெட்ரோலியத்தை அறிந்திருந்தனர் என நிறுவ முனைவோர்க்கு இது எளிதில் கைகொடுக்கும். ஆனால் கன்மதம் மருந்துச்சரக்கு. எரிபொருளாக அது சுட்டப்படுவதில்லை. வடமொழியின் சிலாசத்துவோடு வைத்து ஒப்பிடத்தக்கது அது. பாறையிலிருந்து வருவது என்னும் பெயர் ஒருமை பொருள் ஒருமையாகாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நூல்களில் ‘மண்ணெண்ணெய்’ வருமிடங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: அது ஊற்றைக் குறிக்கிறதா, தகரத்தைக் குறிக்கிறதா என்பதைச் சூழலே சொல்லவேண்டும், இன்றைய அகராதிப் பொருளை அங்கே ஏற்றிப் படிக்கலாகாது.